டாக்டர் வரவில்லை, நர்ஸ்தான் பார்த்தார்: இன்சூரன்ஸ் பட்டியலில் ஒரு செவிலியரின் பெயர் ஏறுவது எப்படி

எங்கள் தெருவில் டீச்சரம்மா என்றால் எல்லோருக்கும் தெரியும். மடிப்பாக்கத்துப் பிள்ளைகளுக்கு முப்பது வருஷம் அறிவியல் சொல்லிக்கொடுத்தவர். நியூஜெர்சியில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டுப் போன மாதம்தான் திரும்பினார். பேரன் எப்படி இருக்கிறான் என்று விசாரிக்கப் போனால், அவர் மனசில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது.

"காய்ச்சல்னு கிளினிக்குக் கூட்டிட்டுப் போனா. டாக்டரே வரல. ஒரு நர்ஸம்மா வந்தாங்க, ஸ்டெத் வெச்சுப் பாத்தாங்க, ஆன்டிபயாட்டிக் எழுதிக் குடுத்தாங்க, போய்ட்டாங்க. நர்ஸ் பாத்ததுக்கு டாக்டர் பில்லா?"

இதில் இரண்டு கேள்விகள் பின்னிக்கிடக்கின்றன. நர்ஸ் எப்படி மருந்து எழுதலாம் என்பது ஒன்று. அவர் பார்த்ததற்கு இன்சூரன்ஸ் கம்பெனி யாருக்கு, எந்தக் கணக்கில் பணம் கொடுக்கிறது என்பது மற்றொன்று. நான் எழுத உட்கார்ந்தது இரண்டாவதைப் பற்றி. முதலாவதைச் சொல்லாமல் அங்கே போக முடியாது.

டீச்சரம்மாவைப் பார்த்தவர் நம் ஊர் ஆஸ்பத்திரியில் பி.பி. பார்த்து ஊசி போடும் ஸ்டாஃப் நர்ஸ் இல்லை. நர்ஸிங் பட்டம் முடித்து, அதன்மேல் முதுகலையோ முனைவர் நிலைப் படிப்போ படித்து, தேசியத் தேர்வு எழுதி, மாநில அரசிடம் தனி உரிமம் வாங்கியவர். அமெரிக்காவில் இவர்களைப் பொதுவாக 'அட்வான்ஸ்டு பிராக்டிஸ் நர்ஸ்' என்பார்கள். மேற்படிப்புச் செவிலியர் என்று நாம் வைத்துக்கொள்ளலாம். இதில் நான்கு வகை உண்டு: நோயாளியைப் பரிசோதித்து மருந்து எழுதும் நர்ஸ் பிராக்டிஷனர், பிரசவம் பார்க்கும் செவிலியர், மயக்க மருந்து கொடுக்கும் செவிலியர், ஒரு குறிப்பிட்ட நோய்த்துறையில் ஆழ்ந்து தேர்ந்த செவிலியர். முதல் வகைக்கான படிப்பு 1965-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. லொரெட்டா ஃபோர்ட் என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து ஆரம்பித்தார்கள். டாக்டர் கிடைக்காத இடங்களில் குழந்தைகளை யார் பார்ப்பது என்ற கவலைதான் காரணம். இன்று அந்நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் நர்ஸ் பிராக்டிஷனர் யாருடைய மேற்பார்வையும் இல்லாமல் சொந்தமாகக் கிளினிக் நடத்தலாம். மற்ற மாநிலங்களில் ஒரு டாக்டரோடு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருக்க வேண்டும்.

ஆக, மருந்து எழுத அந்த அம்மாவுக்கு உரிமம் இருந்தது. ஆனால் அரசு உரிமம் கொடுத்துவிட்டால் இன்சூரன்ஸ் பணம் தானாக வந்துவிடாது.

நெட்வொர்க் என்ற சொல் நமக்குப் பழகியதுதான். உடம்புக்கு முடியாமல் ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறோம். "இது நெட்வொர்க்கில் இருக்கா, கேஷ்லெஸ் கிடைக்குமா?" என்பதுதான் கவுண்டரில் நாம் கேட்கும் முதல் கேள்வி. இன்சூரன்ஸ் கம்பெனியோடு முன்கூட்டியே விலை பேசி ஒப்பந்தம் போட்ட இடங்களின் பட்டியலே நெட்வொர்க். அங்கேயும் அதே பொருள்தான், ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். நம் பட்டியலில் இருப்பவை ஆஸ்பத்திரிகள். அவர்கள் பட்டியலில் ஆட்களும் இருக்கிறார்கள். ஒவ்வொரு டாக்டரும், ஒவ்வொரு நர்ஸ் பிராக்டிஷனரும், ஒவ்வொரு பிசியோதெரபிஸ்டும் தனித்தனிப் பெயராக, ஆளுக்கு ஒன்றாக அரசு கொடுக்கும் பத்து இலக்க அடையாள எண்ணோடு இருப்பார்கள். கிளினிக் பட்டியலில் இருந்தும் அங்கே உட்கார்ந்திருக்கும் ஆள் இல்லாமல் போகலாம். அப்படியானால் அவர் பார்த்த நோயாளிக்கான பில் திரும்பி வந்துவிடும்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது என் அக்கா மகள். பெருங்குடியில் ஒரு மெடிக்கல் பில்லிங் கம்பெனியில் வேலை. சாயங்காலம் ஐந்தரைக்கு கேப் வரும். பால்காரர் வரும் நேரத்துக்கு வீடு திரும்புவாள். ஓ.எம்.ஆரிலும் கிண்டியிலும் அம்பத்தூரிலும் ராத்திரி முழுக்க விளக்கெரியும் கட்டடங்களில் கணிசமானவை அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் பில்லைத்தான் துரத்திக்கொண்டிருக்கின்றன. பாக்கிப் பணத்துக்குப் போன் போடும் ஏ.ஆர். காலர், சிகிச்சைக்குக் குறியீடு போடும் கோடர், கட்டணம் பதியும் சார்ஜ் என்ட்ரி என்று அங்கே பல பிரிவுகள். இவள் இருப்பது கிரெடென்ஷியலிங், அதாவது தகுதிச் சரிபார்ப்புப் பிரிவில். என்ன வேலை என்று அவள் பாட்டி ஒருநாள் கேட்டதற்கு, "ஒரு நர்ஸோட பேரை ஒரு லிஸ்ட்ல சேக்கறது பாட்டி" என்றாள். "அதுக்கா ராத்திரியெல்லாம் முழிக்கறே?" என்றார் பாட்டி.

அந்த ஒரு பெயரைச் சேர்ப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. மாநில உரிமம், தேசியச் சான்றிதழ், பத்து இலக்க எண், போதைப்பொருள் வகை மருந்துகளை எழுத மத்திய அரசின் அனுமதி, தவறு நேர்ந்தால் ஈடுகட்டும் காப்பீடு, வேலை பார்த்த இடங்களின் விவரம், நடுவில் இடைவெளி இருந்தால் அதற்கு விளக்கம், ஒப்பந்த டாக்டர் தேவைப்படும் மாநிலமானால் அவர் பெயர் என எல்லாவற்றையும் ஒரு பொதுத் தளத்தில் ஏற்ற வேண்டும். 120 நாளுக்கு ஒருமுறை 'எல்லாம் இன்னும் சரிதான்' என்று அங்கே உறுதி சொல்ல வேண்டும். இதைப் பார்த்து ஒவ்வொரு இன்சூரன்ஸ் கம்பெனியும் தனியாகச் சரிபார்க்கும். சரிபார்ப்பு முடிந்தபின் ஒப்பந்தம், அதில் விலை. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மறுபடியும் முதலிலிருந்து.

இதற்கு இரண்டு மூன்று மாதம் சர்வ சாதாரணமாக ஆகிவிடும். அதற்குள் அந்த நர்ஸ் வேலைக்குச் சேர்ந்துவிட்டிருப்பார், நோயாளிகளும் வந்துகொண்டிருப்பார்கள். பெயர் பட்டியலில் ஏறிய தேதிக்கு முன் பார்த்தவர்களுக்கு, தனியார் கம்பெனிகள் பெரும்பாலும் பணம் தராது. ஒரு நாள் முந்தியிருந்தாலும் 'இவர் சேர்க்கப்பட்டவர் அல்ல' என்று கிளெய்ம் திரும்பும். அக்கா மகள் வேலை பார்க்கும் இடத்தில் அந்தத் தேதிக்குத் தாலி முகூர்த்தத்துக்கு உள்ள மரியாதை.

இந்த இடத்தில்தான் குறுக்குவழி ஒன்று முளைக்கிறது. நர்ஸின் பெயர் பட்டியலில் இல்லை, ஆனால் அதே கிளினிக்கில் இருக்கும் டாக்டரின் பெயர் இருக்கிறது. சரி, டாக்டர் பெயரிலேயே பில் போட்டுவிட்டால் என்ன?

இதைத் திருட்டு என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. அனுமதிக்கப்பட்ட வழியும் இதற்குள் இருக்கிறது. 65 வயதைக் கடந்தவர்களுக்கான அமெரிக்க அரசுக் காப்பீடு மெடிகேர். 1997-இல் வந்த ஒரு சட்டத்துக்குப் பிறகு, 1998 ஜனவரியிலிருந்து நர்ஸ் பிராக்டிஷனர்கள் நாட்டின் எந்தப் பகுதியிலும் தங்கள் பெயரிலேயே மெடிகேருக்கு பில் போடலாம். ஆனால் டாக்டருக்கு 100 என்றால் இவர்களுக்கு 85. அதே வேலையை 'டாக்டரின் சேவையைச் சார்ந்தது' என்ற பிரிவில் டாக்டர் பெயரில் போட்டால் முழு 100. அதற்கு நிபந்தனைகள் உண்டு: டாக்டர்தான் நோயாளியை முதலில் பார்த்துச் சிகிச்சையைத் தொடங்கியிருக்க வேண்டும், நர்ஸ் அதைத் தொடர்கிறவராக இருக்க வேண்டும், டாக்டரின் நேரடி மேற்பார்வை இருக்க வேண்டும். புது நோயாளிக்கோ, பழைய நோயாளியின் புதுத் தொந்தரவுக்கோ இது செல்லாது. நிபந்தனையை மீறினால் பொய்க் கணக்கு, வழக்கு, அபராதம்.

100 டாலர் சேவை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நர்ஸ் பெயரில் போட்டால் ஏற்கப்படும் தொகை 85. அதில் மெடிகேர் 80 சதவீதம் தரும், அதாவது 68 டாலர். நோயாளி 17 டாலர். டாக்டர் பெயரில் போட்டால் மெடிகேர் 80, நோயாளி 20. கிளினிக்குக்கு ஒரு நோயாளியிடம் 15 டாலர் வித்தியாசம். ஒரு நாளைக்கு இருபது பேர் என்று வைத்தால் அந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்று புரிந்துவிடும். நோயாளிக்கோ மூன்று டாலர் கூடுதல், அதுவும் எதற்கென்று தெரியாமலே.

தனியார் கம்பெனிகளின் வழக்கம் இன்னும் விசித்திரம். சிலர் நர்ஸ்களைத் தனியாகச் சேர்க்கிறார்கள். சிலர் 'சேர்க்க மாட்டோம், மேற்பார்வை டாக்டர் பெயரிலேயே போடுங்கள்' என்று தாங்களே எழுதிக் கொடுக்கிறார்கள். ஒரே கிளினிக்கில் ஒரே நர்ஸ் காலை பத்து மணிக்குப் பார்த்த நோயாளியின் பில்லில் அவர் பெயர் இருக்கும். பத்தரை மணி நோயாளியின் பில்லில் இருக்காது. பெருங்குடியில் ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனி எக்செல் ஷீட் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவது இதனால்தான்.

பணத்தைத் தாண்டியும் இதில் ஒரு நஷ்டம் இருக்கிறது. எனக்குப் பணத்தைவிட அது பெரிதாகப் படுகிறது. வேலை ஒருவருடையது, பெயர் இன்னொருவருடையது என்றால் கணக்கில் நர்ஸ் காணாமல் போகிறார். எத்தனை சர்க்கரை நோயாளிகளை நர்ஸ்கள் பார்த்தார்கள், அவர்களுக்கு எப்படி இருந்தது என்று பிற்பாடு யாராவது இன்சூரன்ஸ் கணக்கை வைத்து ஆராய்ந்தால் எல்லாமே டாக்டர்கள் பார்த்ததாகத்தான் தெரியும். 'நர்ஸ்கள் தனியாகப் பார்ப்பதற்கு ஆதாரம் எங்கே?' என்று அப்புறம் அதே கம்பெனி கேட்கலாம். நோயாளிக்கும் சிக்கல்தான். தனக்குப் பழகிய நர்ஸின் பெயரை வெப்சைட்டில் தேடினால் கிடைக்காது. 'உங்கள் முதன்மை மருத்துவர் யார்' என்ற கட்டத்தில் முகம் பார்த்தே இராத ஒரு டாக்டரின் பெயர் இருக்கும்.

சட்டம் சும்மா இல்லை. 2010-இல் நிறைவேறிய, ஒபாமாகேர் என்று நாம் செய்திகளில் படித்த சட்டத்தில் 2706 என்றொரு பிரிவு உண்டு, 2014-இலிருந்து நடைமுறை. உரிமத்தின் எல்லைக்குள் வேலை செய்யும் எவரையும், அவர் எந்த வகைத் தொழிலர் என்பதை மட்டும் காரணம் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி பாகுபடுத்தக் கூடாது என்கிறது அது. கேட்கக் கம்பீரமாக இருக்கிறது. அதே பிரிவு, கேட்டு வரும் எல்லோரையும் சேர்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கம்பெனிக்கு இல்லை என்றும், தரத்தைப் பொறுத்து விலையை மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. 'எங்கள் பட்டியல் நிரம்பிவிட்டது' என்று ஒரு வரி எழுதினால் போதும், பாகுபாடு என்று நிரூபிப்பது கஷ்டம். கதவைத் திறந்து வைத்துவிட்டு நிலைப்படியில் ஆள் நிறுத்தின மாதிரி.

டாக்டர்கள் தரப்பில் சொல்வதையும் கேட்க வேண்டும். படிப்பின் கால அளவு வேறு, பயிற்சி நேரம் வேறு, சிக்கலான நோயைத் தவறவிடும் அபாயம் உண்டு என்கிறார்கள். கவலை நியாயமானதுதான். ஆனால் அது உரிமத்தின் எல்லையை எங்கே வரைவது என்ற கேள்வி. அதை முடிவு செய்ய வேண்டியது அரசு. அரசு எல்லையை வரைந்து உரிமம் கொடுத்த பிறகு, இன்சூரன்ஸ் கம்பெனி தன் பட்டியல் வழியாக வேறொரு எல்லையை வரைவது எனக்குச் சரியாகப் படவில்லை. வேலையைச் செய்ய விடுகிறீர்கள். பெயரை மட்டும் ஏன் மறைக்கிறீர்கள்?

சரி, நம்மூர் பக்கம் வருவோம். இதையெல்லாம் கேட்டபிறகு டீச்சரம்மா தன் அலமாரியிலிருந்து பழைய பில் ஒன்றை எடுத்துவந்தார். போன வருஷம் இடுப்பு எலும்பு முறிந்து சென்னையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எட்டு நாள் இருந்தபோது வந்தது. அறுவை செய்த டாக்டர் பெயர், மயக்க மருந்து டாக்டர் பெயர், பார்த்துவிட்டுப் போன சர்க்கரை டாக்டர் பெயர் எல்லாம் இருந்தன. எட்டு நாளும் ராத்திரி பகலாகத் திருப்பிப் படுக்கவைத்த, ஊசி போட்ட, புண்ணைத் துடைத்த சிஸ்டர்களைத் தேடினோம். கிடைத்த வரி இதுதான்: 'ரூம், போர்டிங், நர்ஸிங்'. கட்டிலோடும் சாப்பாட்டோடும் சேர்த்து ஒரே தொகை.

இது அந்த ஆஸ்பத்திரியின் தனிப் பழக்கம் இல்லை, பாலிசிகளின் வாசகமே அப்படி. எல்லாக் கம்பெனிகளும் ஒரே மாதிரி விற்க வேண்டும் என்று 2020-இல் வந்த ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியில், அறை வாடகை, உணவு, நர்ஸிங் மூன்றும் சேர்த்து நாளொன்றுக்குக் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் என்று வைத்தார்கள். நம் காப்பீட்டுக் கணக்கில் செவிலியர் என்பவர் அறையின் ஒரு வசதி, மின்விசிறி மாதிரி.

வீட்டுக்கு வந்தபிறகு கதை இன்னும் மோசம். புண்ணுக்குக் கட்டு மாற்ற டீச்சரம்மா ஒரு நர்ஸை வரவழைத்தார். அந்த ரசீதைக் காப்பீட்டுக் கம்பெனி ஏற்கவில்லை. கொடுக்கவே மாட்டோம் என்று பாலிசிகளின் பின்னால் ஒரு பட்டியல் இருக்கும்; யாரும் படிப்பதில்லை. பேபி ஃபுட், டெலிபோன் கட்டணம், துணி வெளுக்கும் கட்டணம், சுகர்ஃப்ரீ மாத்திரை ஆகியவற்றோடு தனி நர்ஸ் கட்டணமும் அதில் இருக்கிறது. பாலிசி வாசகத்தில் 'மெடிக்கல் பிராக்டிஷனர்' என்றால் மருத்துவ கவுன்சிலிலோ, இந்திய மருத்துவம் அல்லது ஹோமியோபதி கவுன்சிலிலோ பதிவு செய்தவர். நர்ஸிங் கவுன்சில் அந்த வரையறையில் இல்லை. இத்தனைக்கும் 1926-ஆம் வருஷச் சட்டத்தின்படி செவிலியர்களைப் பதிவு செய்துவரும் மாநிலம் இது.

வேடிக்கை என்னவென்றால், 'ஆஸ்பத்திரி' என்ற சொல்லுக்கு அதே பாலிசி கொடுக்கும் வரையறையில் செவிலியர் கட்டாயம் வேண்டும். பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊரில் 10 படுக்கை, மற்ற இடங்களில் 15 படுக்கை, இருபத்துநான்கு மணி நேரமும் தகுதி பெற்ற டாக்டரும் நர்ஸும் இருந்தால்தான் அது ஆஸ்பத்திரி. அதாவது நர்ஸ் இல்லாமல் ஆஸ்பத்திரி இல்லை. ஆனால் நர்ஸ் என்று ஒரு ஆள் பில்லில் இல்லை.

இந்தியாவில் மேற்படிப்புச் செவிலியர்களே இல்லையா? இருக்கிறார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கான நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பை இந்திய நர்ஸிங் கவுன்சில் கொண்டுவந்திருக்கிறது. இரண்டு வருஷ முதுகலை. பிரசவத்துக்கான நர்ஸ் பிராக்டிஷனர்களை உருவாக்க மத்திய அரசு 2018-இல் வழிகாட்டுதல்கள் வெளியிட்டது. 2023-இல் பழைய நர்ஸிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக தேசிய நர்ஸிங், மகப்பேறு ஆணையச் சட்டம் வந்தது. படிப்பு இருக்கிறது, பட்டம் இருக்கிறது, ஆனால் அந்தப் பட்டத்துக்கென்று பில்லில் ஒரு வரி இல்லை. அதற்கு அடிப்படைக் காரணம், நம் காப்பீடு பெரும்பாலும் 24 மணி நேரமாவது படுத்தால்தான் பணம் தருகிறது. நர்ஸ் பிராக்டிஷனரின் இயல்பான களம் அதற்கு வெளியே இருக்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்தம், கர்ப்பகாலப் பரிசோதனை, புண் கவனிப்பு என்று வந்து பார்த்துவிட்டுப் போகும் விஷயங்கள். அதற்கெல்லாம் நாம் கையிலிருந்து கொடுக்கிறோம். பில்லே இல்லாத இடத்தில் பட்டியல் எதற்கு?

தமிழ்நாட்டில் செவிலியர்கள் முன்நின்று பார்க்கும் மருத்துவம் வேறு வழியில் நடக்கிறது. கிராம சுகாதாரச் செவிலியர் வீடு வீடாகக் கர்ப்பிணிகளைக் கணக்கெடுப்பதும், 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் படுத்த படுக்கையானவர்களை வலி நிவாரணச் செவிலியர் வீட்டுக்கே போய்ப் பார்ப்பதும் அப்படித்தான். அங்கே கிளெய்ம் இல்லை, நெட்வொர்க் இல்லை, அரசு சம்பளம் கொடுக்கிறது. நோயாளி பைசா கொடுப்பதில்லை. பட்டியல் சண்டையே இல்லாத இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. தனியார் காப்பீடு வெளிநோயாளி சிகிச்சைக்கும் பரவினால், 'மெடிக்கல் பிராக்டிஷனர்' என்ற அந்த வரையறையை மாற்றாமல் நகர முடியாது. செவிலியர் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்ற எல்லையை முதலில் சட்டம் வரைய வேண்டும். ஆஸ்பத்திரிக்கு எண் கொடுப்பதுபோல ஆளுக்கு எண் கொடுத்து, காப்பீட்டுக் கணக்கோடு இணைக்க வேண்டும். விலை பேசுவது அதற்கப்புறம்.

டீச்சரம்மா அடுத்த மே மாதம் மறுபடி நியூஜெர்சி போகிறார். கிளினிக்குக்கு போன் செய்யும்போது 'நீங்கள் நெட்வொர்க்கில் இருக்கிறீர்களா' என்று கிளினிக்கைப் பற்றி மட்டும் கேட்டால் போதாது. 'என்னைப் பார்க்கப்போகும் ஆள் இருக்கிறாரா, யார் பெயரில் பில் போடுவீர்கள்' என்றும் கேட்கச் சொன்னேன். வெப்சைட் பட்டியலை மட்டும் நம்ப வேண்டாம் என்றும் சொன்னேன். 90 நாளுக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்று 2022-இலிருந்து சட்டமே இருந்தும், வேலையை விட்டுப் போனவர்களின் பெயர் அதில் கிடப்பது உண்டு. எல்லாவற்றையும் பேரனின் பழைய நோட்டில் எழுதிக்கொண்டார்.

அப்புறம் அந்த நியூஜெர்சி பில்லை மறுபடி எடுத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். சேவை செய்தவர் என்ற கட்டத்தில் அந்த நர்ஸம்மாவின் முழுப்பெயர் இருந்தது, பட்டத்தோடு, பத்து இலக்க எண்ணோடு.

"பேரைக் கேக்காம வந்துட்டோமேன்னு நெனச்சுட்டிருந்தேன்" என்றார். "இதுலயே இருக்கே."